வாய்தா எப்போ? உங்க வழக்கை நீங்களே செல்போன்ல பார்க்கலாம்!

``வக்கீல் சார் பார்த்துக்குவார்'' - கோர்ட்டில் வழக்கு இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. பார்த்துக்கொள்ளவும் செய்வார். ஆனால், எங்கேயோ தகவல் விட்டுப்போய், வாய்தாவுக்கு உங்கள் தரப்பில் யாருமே ஆஜராகாவிட்டால், நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு வந்துவிடலாம். `எக்ஸ் பார்ட்டி' என்கிறார்களே, அதுதான். சிவில் வழக்கில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு மனு போட 30 நாள்கள்தான் அவகாசம். என் சித்தப்பாவுக்கு மனைத் தகராறு வழக்கில் இப்படி ஆனது. விஷயம் தெரியவந்தபோது நான்கு மாதம் ஓடியிருந்தது. ``இதெல்லாம் செல்போன்லயே தெரியுமாமேடா'' என்று பிறகுதான் என்னிடம் கேட்டார்.

தெரியும். `இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' என்ற அரசு ஆப் இலவசம். அதே பெயரில் இணையதளமும் இருக்கிறது. முகவரி `ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தேவை சி.என்.ஆர் எண். ஆதார் மாதிரி, ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக இருக்கும் 16 இலக்க அடையாளம். தமிழ்நாட்டு மாவட்ட அளவிலான கோர்ட் வழக்கு என்றால் `டிஎன்' என்று தொடங்கும், கடைசி நான்கு இலக்கம் வருடம். வக்கீலிடமோ அவருடைய குமாஸ்தாவிடமோ இன்றே கேட்டு வாங்கி, பத்திரப் பைக்குள்ளும் எழுதி வையுங்கள்.

எண் இல்லையா? மாவட்டம், கோர்ட் வளாகம், வழக்கு பதிவான வருடம் கொடுத்துப் பெயரை வைத்துத் தேடலாம். இங்கேதான் நம் ஆட்கள் நொந்துபோகிறார்கள். பெயர்கள் ஆங்கிலத்தில் ஏற்றப்பட்டிருக்கும். `தமிழ்ச்செல்வி'யை ஒருவர் `டி' போட்டு ஆரம்பித்திருப்பார், இன்னொருவர் `டிஹெச்' போட்டிருப்பார். `ழ'வுக்கு `எல்'லா, `இஸட்ஹெச்'சா என்பது தட்டச்சு செய்தவரின் அன்றைய மனநிலை! முழுப் பெயரையும் அடிக்காதீர்கள். `செல்வ' வரைக்கும் என்பதுபோல நடுவில் மாறாத மூன்று, நான்கு எழுத்துகள் போதும். கிடைக்கவில்லையென்றால் எதிர்த்தரப்பின் பெயரைப் போட்டுப் பாருங்கள். `முடிந்த வழக்குகள்' பிரிவிலும் தேடத் தவறாதீர்கள். சித்தப்பாவின் வழக்கு அங்கேதான் இருந்தது.

வழக்கு திரையில் வந்ததும் அடுத்த வாய்தா தேதியோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் வழக்கின் நிலை இருக்கும். `ரிட்டன் ஸ்டேட்மென்ட்' என்று இருந்தால், பிரதிவாதி எதிருரை தாக்கல் செய்ய வேண்டிய கட்டம். சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. `எக்ஸ் பார்ட்டி' என்ற வார்த்தை எங்கே தென்பட்டாலும் உடனே வக்கீலுக்குப் போன் போடுங்கள். கீழே போனால் பழைய வாய்தாக்களின் பட்டியல், ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்ற குறிப்பு, ஏற்றப்பட்ட உத்தரவுகள் எல்லாம் வரும். வழக்கை ஆப்பில் சேமித்துவிட்டால், ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம்.

ஒன்று கவனம். டவுன்லோடு செய்யும் உத்தரவு நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ளத்தான். அப்பீலுக்குச் சான்றிட்ட நகல் வேண்டும், அதற்குத் தனியாக மனு போட வேண்டும். மாவட்ட அளவிலான கோர்ட்டில் சிவில் அப்பீலுக்கு 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். நகல் கேட்டு மனு போட்டு அது தயாராவதற்கு ஆகும் நாள்கள் இந்தக் கணக்கில் சேராது. அதனால் தீர்ப்பு வந்ததுமே நகலுக்கு மனு போட்டுவிடுங்கள்.

மனு தாக்கல் செய்யவும் இ-ஃபைலிங் தளம் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நேரடியாக வழக்காடுபவரும் பதிவு செய்துகொள்ளலாம். பி.டி.எஃப் ஏற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கோர்ட் அலுவலகம் சரிபார்த்து, குறை இருந்தால் திருப்பி அனுப்பும். அதைச் சரிசெய்து, பதிவு எண் விழுந்தால்தான் வழக்கு. அதுவரை கையில் இருப்பது வெறும் தாக்கல் எண்.

ஸ்மார்ட்போன் பழக்கமில்லாத பெரியவர்களுக்கு, கோர்ட் வளாகங்களில் இருக்கும் இ-சேவா மையங்களில் இதையெல்லாம் பார்த்துச் சொல்வார்கள். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால், 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.