பல கம்பெனிகள், ஒரே கணக்கு

1901-இல் அமெரிக்க வங்கியாளர் ஜே. பி. மார்கனின் முயற்சியால் கார்னகி ஸ்டீல், ஃபெடரல் ஸ்டீல் முதலான நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து யு.எஸ். ஸ்டீல் உருவானது. மூலதனம் சுமார் 140 கோடி டாலர். ஆனால் துணை நிறுவனங்கள் தத்தம் பெயரிலேயே தொழில் நடத்தின. தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கை மட்டும் வெளியிட்டிருந்தால், ‘துணை நிறுவனங்களில் முதலீடு’ என்ற ஒற்றை வரிக்குள் சுரங்கமும் உலையும் ரயில்பாதையும் மறைந்து போயிருக்கும். 1902-ஆம் ஆண்டு அறிக்கையில் அந்நிறுவனம் அனைத்தையும் ஒரே கணக்காகத் திரட்டிக் காட்டியது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனம் அதைத் தணிக்கை செய்தது. சட்டம் வற்புறுத்தாத காலத்தில் செய்த துணிச்சலான காரியம் அது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. பிரிட்டனில் 1948 கம்பெனிச் சட்டம் இத்தகைய குழுமக் கணக்கைக் கட்டாயமாக்கியது. இந்தியாவின் 1956 சட்டமோ, துணை நிறுவனங்களின் கணக்குகளைத் தாய் நிறுவன அறிக்கையோடு இணைத்தால் போதும் என்றது. அவற்றைக் கோத்துப் பார்க்கும் வேலை பங்குதாரர் தலையில் விழுந்தது. 2001-இல் குழுமக் கணக்குக்கான ஏ.எஸ். 21 கணக்கியல் தரம் வந்தது. 2013 சட்டத்தின் 129(3) பிரிவுதான், சில விலக்குகளோடு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனிகளுக்கும் குழுமக் கணக்கைக் கடமையாக்கியது.

கடினமான பகுதி கூட்டலில் இல்லை, கழித்தலில் இருக்கிறது. தாய் நிறுவனம் 80 லட்சம் ரூபாய் அடக்கமுள்ள சரக்கைத் தன் துணை நிறுவனத்துக்கு 1 கோடிக்கு விற்கிறது என்று கொள்வோம். ஆண்டு முடிவில் சரக்கு முழுதும் கிடங்கிலேயே இருக்கிறது. இரண்டு கணக்கையும் அப்படியே கூட்டினால் 1 கோடி விற்பனையும் 20 லட்சம் லாபமும் தெரியும். வெளியாள் ஒருவரும் ஒரு ரூபாய்கூடத் தரவில்லையே! அந்த விற்பனையையும் கொள்முதலையும் நீக்க வேண்டும். சரக்கின் மதிப்பை 80 லட்சத்துக்கே இறக்க வேண்டும். ஒருவருக்கொருவர் தர வேண்டிய பாக்கியையும் நீக்க வேண்டும். பேரேடுகளில் இந்த வேலை வாரக்கணக்கில் இழுத்தது.

1981-இல் தொடங்கிய ஐ.எம்.ஆர்.எஸ். என்ற அமெரிக்க நிறுவனம் இதற்கென்றே கணினி மென்பொருள் செய்தது. பின்னாளில் ஹைப்பீரியன் என்று பெயர் மாறிய அந்நிறுவனத்தை 2007-இல் ஆரக்கிள் சுமார் 330 கோடி டாலருக்கு வாங்கியது.

இந்தியச் சிறு தொழிலுக்குக் கை கொடுத்தது, 1986-இல் ஷ்யாம் சுந்தர் கோயங்காவும் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்தின் டேலி. அதில் ‘குரூப் கம்பெனி’ ஒன்றை உருவாக்கி உறுப்பு நிறுவனங்களைச் சேர்த்தால், தொகுத்த இருப்புநிலைக் குறிப்பு உடனே கிடைக்கும். லெட்ஜர் பெயர்கள் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பது முக்கியம். ஓரிடத்தில் ‘வாடகை’, இன்னோரிடத்தில் ‘கட்டட வாடகை’ என்றிருந்தால் ஒரே செலவு இரண்டு தலைப்பில் நிற்கும். உள்பரிமாற்றங்களைத் தேடிக் கழிப்பது அப்போதும் கணக்காளரின் பொறுப்பே. தொகுப்பு கிடைத்ததுமே வேலை முடிந்ததாக எண்ணுவது பெரும் பிழை.

எந்த நிறுவனம் குழுமத்துக்குள் வரும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. சூகோ (Chewco) போன்ற அமைப்புகளைக் கணக்குக்கு வெளியே நிறுத்திய என்ரான் என்ற அமெரிக்க நிறுவனம், 2001 நவம்பரில் அவற்றை உள்ளே சேர்த்து 1997 முதலான கணக்குகளைத் திருத்தியது; அடுத்த மாதமே திவாலானது. 2011-இல் வந்த ஐ.எஃப்.ஆர்.எஸ். 10 என்ற பன்னாட்டுத் தரமும், அதைத் தழுவிய இந்தியாவின் இண்ட் ஏ.எஸ். 110-உம் பங்கு விழுக்காட்டோடு நிற்காமல், உண்மையான கட்டுப்பாடு யார் கையில் என்று பார்க்கச் சொல்கின்றன. அதைத் தீர்மானித்துக் கையெழுத்திடும் பொறுப்பு இன்றும் இயக்குநர் குழுவுடையது. அதைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு ஆடிட்டருடையது.