மலையகத் தோட்டங்களும் சட்டத்தரணிக் கட்டணமும்

சட்டத்தரணிக் கட்டண ஒழுங்குமுறை என்பது, கட்சிக்காரரிடம் சட்டத்தரணி பெறும் ஊதியத்துக்குச் சட்டத்தாலோ தொழில்விதியாலோ எல்லை வகுப்பதாகும். உரோமில் கி.மு. 204இல் இயற்றப்பட்ட சின்சியச் சட்டம் வாதாடுவோர் ஊதியம் பெறுவதையே தடுத்தது. தடை மீறப்பட்டே வந்ததால், கி.பி. 47இல் பேரரசர் குளோடியசு 10,000 செஸ்டர்ஸ் என உச்சவரம்பு வைத்தார். இலங்கையின் மத்திய மலைநாட்டிலோ, கட்டணத்துக்கு வரம்பு கட்டுவதைக் காட்டிலும், கட்டணமின்றி வாதாடக்கூடிய ஒருவரைச் சட்டத்தரணிக்கு இணையாக மன்றில் நிறுத்தும் வழியே பலன் தந்தது.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்கீழ் தோட்ட வேலையை விட்டு ஓடுவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்த காலத்தில், நீதிமன்ற மொழி ஆங்கிலமாகவும் தொழிலாளியின் மொழி தமிழாகவும் இருந்தமையால், மன்றில் வாதாடும் அப்புக்காத்தும் வழக்காவணங்களைத் தயாரிக்கும் பிரக்கிராசியும் எட்டாத தூரத்திலேயே நின்றனர். (இவ்விரு பிரிவுகளும் 1973ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தால் சட்டத்தரணி என ஒன்றாக்கப்பட்டன.) கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் நிறுவியதும், 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியதும், தொழிலாளிக்காகப் பேசும் அமைப்புகளை உருவாக்கின.

திருப்பம் 1957இல் வந்தது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு அவ்வாண்டு செய்யப்பட்ட திருத்தம், வேலைநீக்கம் முதலியவற்றை நீதிக்கும் ஒப்புரவுக்கும் ஏற்ப விசாரிக்கும் தொழில் நியாயசபைகளை ஏற்படுத்தியதோடு, தொழிலாளிக்காகத் தொழிற்சங்கமே விண்ணப்பம் செய்யவும் இடமளித்தது. இதன் பயனை ஒரு தவணை நாளில் காணலாம். விசாரணைக்காக விடியலில் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பிலிருந்து, ஹட்டனுக்குப் பஸ் ஏறும் சாட்சிக்காரர், காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போக முடியாது. அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளத்துக்கான பதிவு, அவருக்கு விழாது. அந்த நாட்சம்பளமே (2024இல் அது 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டிருந்தது) வழக்கு ஒத்திவைக்கப்படும் ஒவ்வொரு முறையும் அவர் இழக்கும் தொகை. தவணைக்கு இவ்வளவு என ஊதியம் பெறுபவருக்கோ ஒத்திவைப்பு வருமானமாகிறது. ஆகவே, தவணைக் கட்டணத்தைக் குறைத்துவிட்டு தவணைகளின் எண்ணிக்கையைத் தொடாமல் விடும் எந்த வரம்பும், பேராசைக்குக் கதவடைப்பதற்குப் பதிலாக அதை நீண்ட வழியில் நடக்கவே தூண்டும். தவணைக் கூலி பெறாத சங்கப் பிரதிநிதிக்கு இழுத்தடிப்பதில் இலாபமில்லை. எனினும் அவரது பணியும் முற்றிலும் இலவசமன்று. மாதச் சம்பளத்தில் பிடிக்கப்படும் சந்தாவே அதன் விலை. சந்தாவை நிறுத்திய தொழிலாளி பிரதிநிதியையும் இழக்கும் நிலை உண்டாவதால், சங்கத்தின் பிடியும் கவனத்துக்குரியதே.

பணம் செல்லும் பாதையைக் காப்பது மற்றொரு முறை. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டத்தின்கீழ், வேலையில் இறந்தவருக்குரிய நட்டஈடு ஆணையாளரிடம் வைப்பிலிடப்பட்டு அவர் வழியாகவே குடும்பத்துக்குச் சேர்கிறது. இவ்வகைக் காப்பின் தேவையை இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று உணர்த்துகிறது: தெலங்கானாவில் விபத்து இழப்பீட்டில் விகிதாசாரப் பங்கு கேட்டு வழக்கறிஞர் காசோலை பெற்றதைத் தொழில் ஒழுக்கத்துக்கு முரணானதென அந்நீதிமன்றம் கண்டித்து, கட்டண ஒழுங்குமுறை பற்றி அரசு ஆராய வேண்டுமெனக் கேட்டது.

இலங்கையில் 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம், ஏமாற்று, முறைகேடு, குற்றம் ஆகியவற்றுக்காகச் சட்டத்தரணியை இடைநிறுத்தவும் பெயர் நீக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. நடத்தை விதிகள் 1988இல் வந்தன. ஆனால் நடத்தை விதி தவறு நடந்த பின்னரே கைகொடுக்கும். முறைப்பாட்டை எழுதவும் அதைத் தொடரவும் நாட்சம்பளக்காரருக்கு மறுபடியும் ஒருவர் துணை வேண்டும்.

தொழிற்சங்கத்தின் துணை தொழில் நியாயசபையோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியும் தனிவீடும் வழங்கப்படத் தொடங்கிய பின், உறுதி, வாரிசுரிமை, எல்லைத் தகராறு என நொத்தாரிசையும் மாவட்ட நீதிமன்றத்தையும் நாட வேண்டிய தேவைகள் லயங்களிலும் எழுகின்றன. அங்கே சங்கப் பிரதிநிதி எழுந்து வாதாட முடியாது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவே வசதியற்றவருக்கு எஞ்சும் கட்டணமில்லாத வழி.