குடிமராமத்தில் குடி யார்?

குடிமராமத்து என்ற சொல்லில் பாதி தமிழ், பாதி அரபு. பழுதுபார்த்தலைக் குறிக்கும் அரபுச் சொல் பாரசீகம், உருது வழியே அரசுக் கச்சேரிகளுக்குள் நுழைந்து மராமத்து ஆயிற்று. பொதுப்பணித் துறையையே மராமத்து இலாகா என்று அழைத்த காலமும் உண்டு. ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் வேலையோ சொல்லைவிடப் பழையது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்துக்கு ஆண்டுதோறும் ஆறு பேரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. அங்கே குடி என்ற அடைமொழிக்கு வேலையே இல்லை. ஏரி சபையின் பொறுப்பு, அவ்வளவுதான். சர்க்கார் மராமத்து என்று ஒன்று வந்தபிறகே, குடிகள் செய்வதைத் தனியாகப் பிரித்துச் சொல்ல நேர்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படி வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்க வழிசெய்தது. குடிக்குக் கடமை மிஞ்சியது, முடிவெடுக்கும் உரிமை மிஞ்சவில்லை.

பழைய ஏற்பாடு சாதியின் மேல் நின்றது, அதைப் புகழ்வதா என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். உத்திரமேரூரில் வாரியத்துக்கு வர வரி கட்டும் நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். பல ஊர்களில் சேற்றில் இறங்கி மடை திறந்தவர்களுக்குச் சபையில் இடமே இல்லை. ஆகவே மீட்க வேண்டியது அந்த வழக்கத்தை அல்ல. பொறுப்பும் அதிகாரமும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை மட்டும்தான். அந்தக் கை இன்று ஊர் முழுவதன் கையாக இருக்க வேண்டும்.

2017இல் தமிழக அரசு 100 கோடி ரூபாயில் குடிமராமத்தைப் புதுப்பித்தபோது, ஏரிப் பாசன நிலமுள்ள ஆயக்கட்டுதாரர்களின் சங்கங்களிடம் பணியைத் தந்து, செலவில் பத்து விழுக்காட்டை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ கேட்டது. நல்ல தொடக்கம். ஆனால் சங்கத்தின் பெயரில் ஒப்பந்ததாரரே வேலை செய்கிறார் என்ற புகார் எழுந்தது. அதைவிட ஆழமான குறை, குடி என்பது நிலமுள்ளவர் என்று சுருங்கியது. ஏரியில் மாடு குளிப்பாட்டுபவரும் மீன் பிடிப்பவரும் கூலிக்கு நடவு நடும் பெண்களும் அந்தக் கணக்கில் வரவில்லை. மதகின் உயரத்தையும் கலிங்கின் வலுவையும் பொறியாளர்தான் கணிக்க முடியும் என்பார்கள், உண்மை. கணிக்கட்டும். எந்த ஏரி முதலில், எத்தனை அடி ஆழம், வண்டல் யாருக்கு என்பவை பொறியியல் கேள்விகள் அல்ல. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில்தான் உள்ளன. அவற்றின் மதிப்பீட்டையும் செலவுக் கணக்கையும் கிராம சபையில் வாசித்து, ஒப்புதல் பெற்ற பிறகே பட்டியல் தொகை தர வேண்டும்.