சுங்கை பட்டாணி சிவசங்கரி: மட்டையும் பட்டப்படிப்பும்

ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம், கெடா மாநிலம் சுங்கை பட்டாணியில் 1999-ஆம் ஆண்டு பிறந்தவர். விளையாடப் போனால் படிப்பு கெட்டுவிடும் என்ற பேச்சு தோட்டத்திலும் பட்டணத்திலும் இன்றும் உண்டு. இவர் இரண்டையும் விடவில்லை. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதன் அணிக்கும் ஆடினார்.

2022 ஜூனில் கார் விபத்தில் பலத்த காயமடைந்தார். அவ்வாண்டு பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டி கைநழுவியது. ஆனால், மறு ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் ஒற்றையர் தங்கத்தை வென்றார். 2024-இல் லண்டன் கிளாசிக் இறுதியாட்டத்தில் எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியைத் தோற்கடித்தார்.

ஸ்குவாஷில் நடுவே வலை இல்லை; இருவரும் ஒரே களத்தில் தோளோடு தோள் உரச ஆடுகிறார்கள். அடித்து முடித்தவர் எதிராளிக்கு வழிவிட்டு விலக வேண்டும். பந்து இருமுறை தரையில் பட்ட பின் அடித்துவிட்டால், நடுவர் கவனிக்காவிட்டாலும் ஆட்டக்காரரே அதை ஒப்புக்கொள்வது இந்த ஆட்டத்தின் பழைய வழக்கம். எல்லாரும் அப்படி நடப்பதில்லை என்பது வேறு விஷயம். பிள்ளைகளுக்கு நேர்மையைப் பழக்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

2028 லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்குவாஷ் முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெறுகிறது. தோட்டத்தில் பந்துத் திடல் உண்டு. நான்கு சுவர் கொண்ட ஸ்குவாஷ் களம் பட்டணத்தில்தான். மட்டை வாங்கித் தருவதைவிட, வாரம் இருமுறை பிள்ளையை அங்கே கொண்டுபோய்த் திரும்ப அழைத்து வருவதுதான் தோட்டத்துப் பெற்றோருக்குப் பெரும்பாடு.