ஆய்விதழ் வெளியீட்டுக் கட்டணம்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆய்வுக் கட்டுரை அச்சேறும் செலவை ஏற்பவர் வாசகரா, நிறுவனமா, கட்டுரையாளரா என்னும் வினாவுக்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் அளிக்கப்பெற்றுள்ளன. அவற்றையும் அவற்றால் இந்திய ஆய்வுலகில் நேர்ந்த விளைவுகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நிறுவனப் பொறுப்பு

1665இல் இலண்டனில் என்றி ஓல்டன்பர்க் தொடங்கிய 'பிலசாஃபிக்கல் டிரான்சாக்சன்ஸ்' அவரது சொந்தப் பொறுப்பில் வெளிவந்தது. 1752இல் இராயல் கழகம் அப்பொறுப்பை ஏற்றது. 1901இல் நிறுவப்பட்ட மதுரைத் தமிழ்ச் சங்கமும் 'செந்தமிழ்' இதழை நிறுவனப் பொறுப்பிலேயே நடத்தியது.

அமெரிக்க இயற்பியல் கழகம் 1930இல் பக்கக் கட்டணத்தை அறிமுகப்படுத்தியது. அது கட்டுரையாளர் பணிபுரியும் நிறுவனத்திடம் கோரப்பட்டது. கட்டுரை ஏற்கப்படுவதற்கு அது நிபந்தனையாக இல்லை. அரசு ஆய்வு நல்கையிலிருந்து அதனைச் செலுத்த 1961இல் இசைவு கிடைத்தபோதும் இவ்வேறுபாடு பேணப்பட்டது.

கட்டுரையாளர் மீது சுமை

2002இல் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை, ஆய்வுகள் அனைவர்க்கும் தடையின்றிக் கிடைத்தல் வேண்டும் என்றது. 2003இல் தோன்றிய 'பிளாஸ் பயாலஜி' கட்டுரை ஒன்றுக்கு 1,500 டாலர் பெற்றது. இயலாதோர்க்கு விலக்கும் அளித்தது. வாசகரின் சுமை இவ்வாறு கட்டுரையாளர் பக்கம் மாறியது. கட்டுரைகள் பெருகினால் வருவாயும் பெருகும் என்னும் நிலை உருவாகவே, மதிப்பீடின்றிப் பணம் பெற்று வெளியிடும் இதழ்களும் கிளைத்தன.

இந்தியச் சூழல்

முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் ஒரு கட்டுரையேனும் வெளிவந்திருத்தல் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதித்தது. 2010 விதிமுறைகள் பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் கட்டுரைகளுக்குப் புள்ளிகள் வகுத்தன. தேவை மிகுந்தது, தரமற்ற இதழ்களும் மிகுந்தன. 2018 மே மாதத்தில் 4,305 இதழ்கள் ஏற்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2019இல் வந்த 'கேர்' பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. தரம் காணும் பொறுப்பு நிறுவனங்களிடம் விடப்பட்டது. கட்டுரை வெளியீட்டுக் கட்டாயம் 2022 விதிமுறைகளில் நீக்கப்பட்டபோதிலும், பணிவாய்ப்பை நாடும் ஆய்வாளர்க்குக் கட்டுரைகள் இன்றியமையாதனவாகவே உள்ளன. நல்கை பெறாத தமிழ் ஆய்வாளர் இக்கட்டணத்தைத் தம் கைப்பொருளிலிருந்தே செலுத்த நேர்கிறது.

முடிவுரை

அச்சுக்கும் அஞ்சலுக்கும் செலவு உண்டு. ஆதலின் கட்டணம் பெறுதல் ஒன்றே குற்றமாகாது. ஆயினும் கட்டுரையின் தகுதியைத் தீர்மானிப்பதில் பணத்திற்கு இடமிருத்தல் கூடாது. தொகை முன்னரே அறிவிக்கப்பட்டுள்ளதா, மதிப்பீடு முடிந்தபின் கோரப்படுகிறதா, விலக்கு உண்டா, தம் நிறுவனம் ஏற்குமா என்பனவற்றைக் கட்டுரை அனுப்புமுன் ஆய்வாளர் கேட்டறிதல் வேண்டும். 1930இல் இருந்தது போலக் கட்டணத்தை நிறுவனங்கள் ஏற்குமாயின், பொருள் வசதியற்ற ஆய்வாளரின் கட்டுரையும் அதன் தகுதியாலேயே அச்சேறும்.