நாணயம் தவறாத செம்பு

காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்னும் ஒரே சொல்லை வழங்கும் மொழி நம்முடையது. அச்சொல்லின் இரு பொருளும் ஒரு செப்புத் துண்டில் ஒன்றுகூடிய வரலாறொன்று, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் நிகழ்ந்தது.

1775-க்குப் பின் அந்நாட்டு அரச அக்கசாலை செப்புக் காசு அடிப்பதையே நிறுத்திவிட்டது. பொன்னும் வெள்ளியுமே காசு, செம்பு ஏழையின் சில்லறை என்பது அதன் எண்ணம் போலும்! ஆனால், சுரங்கங்களும் ஆலைகளும் பெருகிய காலம் அதுவே. வாரக் கூலி பெற்றோருக்கு ரொட்டி வாங்கச் சில்லறை இல்லை. பலருக்குச் சேர்த்து ஒரே பெருங்காசைக் கொடுத்தனுப்பிய முதலாளிகளும் உண்டு. அதை மாற்றத் தொழிலாளர் போய் நின்ற இடம் மதுக்கடை; கூலியில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. புழக்கத்திலிருந்த அரைப்பென்னிகளிலோ பெரும்பாலானவை கள்ளக் காசுகள்.

1787-இல் வேல்சைச் சேர்ந்த ஆங்கிள்சித் தீவின் பாரிஸ் சுரங்க நிறுவனம், தான் தோண்டியெடுத்த செம்பிலேயே பென்னி அடித்து வெளியிட்டது. எடை ஏறக்குறைய ஓர் அவுன்சு. ஒரு புறம் ஓக் இலை மாலைக்குள் பழங்காலப் பூசகர் ஒருவரின் தாடி முகம். மறுபுறம், கொண்டு வருபவர்க்கு ஒரு பென்னி தருவதாக வாக்குறுதி. லண்டன், லிவர்பூல், ஆங்கிள்சி ஆகிய இடங்களில் கேட்டவுடன் மாற்றித் தரப்படும் என்பது விளிம்பில் பொறித்த செய்தி. மன்னர் முகம் இல்லாத அக்காசை மக்கள் நம்பி வாங்கினர். இரும்புத் தொழிலதிபர் ஜான் வில்கின்சன் தம் முகத்தையே காசில் பொறித்துக்கொண்டார், துணிச்சல்தான்! பின்னர் ஊர்தோறும் கடைக்காரர்களும் தத்தம் காசுகளை வெளியிட்டனர்.

1797-இல் மாத்யூ போல்டனின் சோஹோ அக்கசாலை அரசுக்காகவே கனத்த செப்புப் பென்னிகளை அடித்தபின் இவற்றின் தேவை குறைந்தது. 1803-இல் சென்னை மாகாணத்துக்கான இருபது காசு நாணயத்தைப் பாரசீக எழுத்துடன் அடித்தனுப்பியதும் அதே அக்கசாலைதான் என்பதை இடையே குறிப்பிடுகிறோம்.

இவற்றைச் சேகரிக்கும் மோகம் அவை புழங்கிய காலத்திலேயே மூண்டது. இப்ஸ்விச் நகரத்து ஜேம்ஸ் காண்டர் 1798-இல் அட்டவணை நூலொன்று வெளியிட்டார். இன்றும் இக்காசுகளுக்கு அவர் பெயரே வழங்குகிறது. காசு அடிப்போர் சும்மா இருப்பார்களா? ஒரு காசின் முன்புற அச்சையும் வேறொன்றின் பின்புற அச்சையும் இணைத்து, சேகரிப்போருக்கென்றே ‘அபூர்வங்களை’ உண்டாக்கினர். ‘எங்கும் செல்லும்’ என்று விளிம்பில் பொறித்த காசுகளும் வெளிவந்தன. எங்கும் செல்லும் என்றால், மாற்றித் தரப் பொறுப்பேற்றவர் எவருமில்லை என்பதே பொருள்.

ஆகவே, இத்துறையில் இறங்குவோர் முகத்தைப் பார்க்குமுன் விளிம்பைப் பார்ப்பது நன்று. அழகு குலையாத அபூர்வத்துக்கே சந்தையில் விலை அதிகம். நாம் விரும்புவதோ, பல கைகளில் புழங்கி, பூசகரின் தாடி மழுங்கி, விளிம்பில் ‘லிவர்பூல்’ என்பது பாதி மட்டுமே தெரியும் பாரிஸ் சுரங்கப் பென்னியைத்தான்.