ஒரு ஜோக்கும் மூன்று மாத ஜெயிலும்

தேவாரத்திலிருந்து போடி, தேனி தாண்டிப் போனால் ஆண்டிபட்டி. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா இரண்டு பேரையும் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி. இருவர் ஆட்சியிலும் பத்திரிகைக்காரர்களுக்குச் சட்டசபையே ஜெயில் தண்டனை கொடுத்தது. கோர்ட் இல்லை, சட்டசபை!

வருஷம் 1987. மார்ச் 29 தேதியிட்ட ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில் வருகிறது. அவ்வளவுதான்! சபைக்கு அவமானம் என்று கொதித்தார்கள். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுத்தார். ஏப்ரல் 4-ம் தேதி, பி.எச். பாண்டியன் சபாநாயகராக இருந்த சபை அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பவே, சில நாட்களிலேயே விட்டுவிட்டார்கள்.

அவர் விடவில்லை. ஹைகோர்ட்டுக்குப் போனார். 1994-ல் அந்தக் கைது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. நஷ்டஈடு 1000 ரூபாய். வக்கீல் செலவுக்குக் கூடக் காணாது! அதை அவர் செலவழிக்காமல் ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டார்.

இதெல்லாம் எப்படி நடக்கிறது? அரசியல் சட்டத்தின் 194-வது பிரிவு சட்டசபைக்குச் சிறப்பு உரிமைகள் தருகிறது. எது உரிமை மீறல், எவ்வளவு தண்டனை என்று தனிச் சட்டம் மட்டும் இல்லை. புகார் சொல்பவர்களே தீர்ப்பும் சொல்லலாம்.

2003 நவம்பர் 7-ல் மறுபடியும். "தி இந்து"வில் ஐந்து பேருக்கும், அதன் தலையங்கத்தைத் தமிழில் போட்ட முரசொலியின் ஆசிரியருக்கும் 15 நாள் தண்டனை. மூன்றே நாளில் சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது. விகடன், இந்து எல்லாம் பெரிய நிறுவனங்கள், வக்கீல் வைக்க முடியும். கம்பத்திலோ சின்னமனூரிலோ செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் பகுதிநேர நிருபர் என்ன செய்வார்? எழுதாமலே விட்டுவிடுவார். அப்படி விடுபட்டதற்கு ஏது கணக்கு?

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. ஆஸ்திரேலியப் பார்லிமென்டும் 1955-ல் ஒரு பத்திரிகை முதலாளியையும் அதில் எழுதியவரையும் மூன்று மாதம் உள்ளே வைத்தது. ஆனால் 1987-ல், விகடன் ஆசிரியர் ஜெயிலுக்குப் போன அதே வருஷம், அங்கே உரிமைகளைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். வெளியே ஒருவர் சபையை விமர்சித்தார் என்பதற்காக மட்டும் இனி தண்டிக்க முடியாது.

இங்கே அந்தச் சட்டம் இன்னும் எழுதப்படவில்லை.